சிசுக்களின் பங்கும் பயன் மானியமும்

மேட்டூர் அணை திறக்கப்பட்டது என்ற செய்தி பத்திரிகையில் வெளியான தினத்தன்று காரைக்கால் குடியானவன் ஆனந்தக் கூத்தாடுவதில்லை. அணையில் திறந்த நீர் வேறு, அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் வாஞ்சியாற்றிலும் வந்து சேரும் நீர் வேறு என்பதை அவன் தலைமுறை தலைமுறையாக அறிவான். 1991-ல் காவிரி நடுவர் மன்றம் தனது இடைக்கால உத்தரவில் காரைக்காலுக்கென்று 6 டி.எம்.சி. நீரை ஒதுக்கியது. 2007-ல் இறுதித் தீர்ப்பில் அது 7 ஆயிற்று. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதனை மாற்றவில்லை. ஆயினும் கடைமடைக்காரனுக்குத் தீர்ப்பின் எண் பொருட்டல்ல. எல்லைக் கோட்டிலே எவ்வளவு வந்து விழுந்தது என்பதே அவனுக்குக் கணக்கு. பயனை அளந்து பார்ப்பது என்ற தத்துவத்தை நம்மவர்க்கு அந்நிய தேசத்து நிபுணர் எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதனை முதலில் குறிப்பிட்டோம்.

இன்று நாம் பேசப் புகுந்த விஷயம் நீரன்று, குழந்தைகள். பிறந்தது முதல் ஆறு வயது வரையிலுள்ள சிசுக்களுக்குச் சர்க்கார் செலவிடும் பணத்தை இனி எவ்விதம் கொடுப்பது என்பதைப் பற்றி உலகெங்கும் ஒரு புதிய யோசனை உலவி வருகிறது. இத்தனை மையம் திறந்தோம், இத்தனை மூட்டை மாவு அனுப்பினோம், இத்தனை சிப்பந்திகளை நியமித்தோம் என்று கணக்குக் காட்டினால் பணம் கொடுப்பது பழைய முறை. எத்தனை குழந்தைகளின் எடை ஏறிற்று, எத்தனை குழந்தைகள் பள்ளிக்கூடம் புகுமுன் பேச்சிலும் அறிவிலும் தேறின என்று பார்த்து, அந்தப் பயனுக்கு ஏற்பப் பணம் கொடுப்பது புதிய முறை. கேட்ட மாத்திரத்தில் நியாயமாகவே தோன்றுகிறது. ஜனங்களின் வரிப்பணம் விழலுக்கு இறைத்த நீராகலாமோ என்று கேட்பவனுக்கு யார்தான் எதிர்வாதம் சொல்ல முடியும்?

பழைய முறையில் குற்றமில்லையென்று நாம் வாதாட வரவில்லை. 1975-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜயந்தியன்று, நாட்டின் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அங்கன்வாடி என்றும் பால்வாடி என்றும் ஜனங்கள் அழைக்கும் மையங்கள் அதன் கிளைகளே. அதில் ஒரு குழந்தையின் உணவுக்கு நாளொன்றுக்கு 8 ரூபாயும், கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைக்கு 12 ரூபாயும் என்று 2017-ல் மத்திய சர்க்கார் நிர்ணயித்தது. வருஷத்திற்கு 300 நாள் உணவு. முப்பது பெயர் பதிவிலிருந்து முப்பதும் வந்ததாக எழுதினால் மாதத்திற்கு 6,000 ரூபாய். உள்ளபடி வந்தவர் இருபதே என்று எழுதினால் 4,000 ரூபாய். தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும்போது, தலைகளைப் பெருக்கிக் காட்டும் ஆசை எங்கே உண்டாகாது? உண்ட குழந்தை வளர்ந்ததா என்ற கேள்வி அந்தப் பதிவேட்டில் ஓர் ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும். ஆகவே பயனைப் பார் என்ற குரல் வெறும் கூச்சலன்று.

ஆனால் பயனுக்கேற்ற பணம் என்ற இந்த மருந்து புதிதன்று. ஆங்கிலேயர் தாமே காய்ச்சித் தாமே குடித்துத் துப்பிய கஷாயம் இது. 1862-ல் ராபர்ட் லோ என்பவர் அந்நாட்டுக் கல்வி இலாகாவுக்குப் பொறுப்பாயிருந்தபோது, ஒவ்வொரு மாணவனையும் இன்ஸ்பெக்டர் நேரில் பரீக்ஷித்து, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் ஒவ்வொன்றிலும் தேறினால்தான் பள்ளிக்கு இவ்வளவு மானியம் என்று விதி செய்தார். விளைவு என்ன? மூன்று நான்கு வருஷங்களுக்குள் மொத்த மானியம் இறங்கிற்று. கஜானாவுக்கு லாபம்தான். உபாத்தியாயர்களோ, பரீக்ஷைக்குரிய புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு உருப்போட வைத்தார்கள். எழுத்தைப் பார்த்து வாசிக்கத் தெரியாத பிள்ளையும் பக்கம் பக்கமாக ஒப்பித்துத் தேறிற்று. கவியும் பள்ளி இன்ஸ்பெக்டருமான மாத்யூ ஆர்னால்டு இதனைக் கடுமையாகக் கண்டித்தார். 1890-ஐ ஒட்டிக் கைவிடத் தொடங்கி 1897-க்குள் அவ்விதியை முற்றிலும் நீக்கினார்கள். இதற்கிடையில் அதே கஷாயம் கப்பலேறிச் சென்னை ராஜதானிக்கும் வந்து, நமது திண்ணைப் பள்ளிக்கூடங்களுக்கும் புகட்டப்பட்டது வேறு கதை.

இதில் ஒரு சிறு விவரம் நமது கவனத்துக்குரியது. ஆறு வயதுக்கு உட்பட்ட சிசுக்களுக்கு அந்தப் பரீக்ஷை கிடையாது. வந்திருக்கும் தலைக்கணக்கையும் இன்ஸ்பெக்டரின் பொதுவான திருப்தியையும் வைத்தே அவர்களுக்கு மானியம் கொடுக்கப்பட்டது. சிக்கனத்தில் கைதேர்ந்த லோவுக்கே சிசுக்களைத் தராசுத் தட்டில் வைக்க மனம் வரவில்லை. இன்றைய நிபுணர்களுக்கு அந்தக் கூச்சமும் இல்லை.

அமெரிக்காவின் யூட்டா ராஜ்யத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2013-ல் கோல்டுமன் சாக்ஸ் என்னும் பெரிய லேவாதேவி ஸ்தாபனம் ஏழைக் குழந்தைகளின் பாலர் வகுப்புகளுக்குக் கடன் கொடுக்க முன்வந்தது. அவ்வகுப்பில் படித்த குழந்தை பிற்பாடு விசேஷக் கல்வி தேவைப்படாமல் தப்பினால், சர்க்காருக்கு மிச்சமாகும் பணத்திலிருந்து ஸ்தாபனத்துக்குப் பங்கு என்பது உடன்படிக்கை. 2015-ல் முடிவு வெளியாயிற்று. விசேஷக் கல்வி தேவைப்படும் என்று எதிர்பார்த்த 110 குழந்தைகளில் ஒரே ஒரு குழந்தைக்குத்தான் அது தேவைப்பட்டதாம்! நூற்றொன்பது பேர் கடைத்தேறினார்கள் என்று பறையறைந்தார்கள். ஆராய்ந்தவர்கள் கேட்ட கேள்வி எளியது. அந்த 110 பேருக்கும் விசேஷக் கல்வி தேவைப்பட்டிருக்கும் என்று முதலில் சொன்னது யார்? ஒரு சொல்லறிவுப் பரீக்ஷையில் மதிப்பெண் குறைந்தவர்களையெல்லாம் அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். நோயில்லாதவனை நோயாளி என்று எழுதி, பிறகு குணமாயிற்று என்று கட்டணம் வாங்கும் வைத்தியனுக்கும் இதற்கும் வித்தியாசம் எங்கே?

நமது நாட்டிலும் ஒரு பரிசோதனை நடந்தது. அதனை நியாயமாகவே சொல்ல வேண்டும். ராஜஸ்தானத்தில் பீல்வாரா ஜில்லாவில் 2015 முதல் 2018 வரை, பெண் குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்துப் படிப்பிலும் தேற்றும் வேலைக்கு, ஸ்விட்சர்லாந்து பாங்கி ஒன்றின் தர்ம ஸ்தாபனம் முதல் போட்டது. பயன் கிட்டினால் வேறொரு தர்ம ஸ்தாபனம் முதலையும் லாபத்தையும் திருப்பித் தருவதாக ஏற்பாடு. மூன்றாவது வருஷ முடிவில் கல்வி இலக்கில் 160 சதவீதம் எட்டப்பட்டது. முதல் போட்டவர்க்கு 15 சதவீத வீதம் லாபமும் கிடைத்தது. வேலை செய்தவர்களின் திறமையை நாம் மெச்சுகிறோம். ஆனால் இரண்டாவது வருஷ முடிவில் அதே இலக்கில் பாதியளவே கைகூடியிருந்தது என்பதையும் மறக்கலாகாது. மார்ச்சு 31-ந் தேதி கணக்கு மூடும் நமது கஜானா அந்த இடத்தில் இருந்திருந்தால், இரண்டாம் வருஷமே மானியத்தைப் பாதியாக வெட்டியிருக்கும். மூன்றாம் வருஷத்து வெற்றிக்கு இடமே இருந்திராது. பொறுத்திருக்கப் பணக்காரனால் முடிந்தது. காரைக்காலின் ஒரு கொம்யூன் பஞ்சாயத்தால் முடியுமா?

இங்கேதான் நமது பிராந்தியத்தின் விசேஷ நிலைமையைச் சிந்திக்க வேண்டும். காரைக்கால் நாற்புறமும் தமிழ்நாடும் கடலும் சூழ்ந்த ஒரு தீவு. புதுவையிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தொலைவு. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி இரண்டு லட்சம் பேர். 1954 நவம்பர் 1-ந் தேதி பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்டு 16-ல் அது சட்டப்படி பூர்த்தியாயிற்று. அதன்பின் நமக்குச் சட்டசபை உண்டு, மந்திரிசபை உண்டு. ஆனால் ராஜ்யம் என்ற அந்தஸ்து இல்லை. மத்திய வரிகளை ராஜ்யங்களுக்குப் பங்கிடும் நிதிக் கமிஷனின் வரம்புக்குள் புதுவை வருவதில்லை. டில்லி மனமுவந்து கொடுக்கும் மானியத்தை எதிர்நோக்கியே நிற்க வேண்டும். முதலில் கைப்பணத்தைச் செலவழி, குழந்தைகள் வளர்ந்த பிறகு வந்து பணம் வாங்கிக்கொள் என்று இத்தகைய பிராந்தியத்துக்குச் சொல்வது, விதைநெல் இல்லாதவனிடம் அறுவடையைக் கொண்டு வந்து காட்டு என்பதை ஒக்கும்.

இரண்டாவது சங்கடம் எல்லை. வாஞ்சூரில் சோதனைச் சாவடியைத் தாண்டினால் நாகூர். அம்பகரத்தூரிலிருந்து சிறிது நடந்தால் தமிழ்நாட்டு மண். நமது பெண்கள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள். தாய்வீடு நாகப்பட்டினத்திலோ மயிலாடுதுறையிலோ திருவாரூரிலோ இருக்கும். கர்ப்பிணியாகத் திருநள்ளாற்றில் மாவு வாங்கியவள் நன்னிலத்தில் பிரசவித்து, ஐந்து மாதக் குழந்தையோடு திரும்பி வருகிறாள். அக்குழந்தை குறை எடையோடு பிறந்தால் தோல்வி யாருடையது? நல்ல எடையோடு பிறந்தால் வெற்றிக்குப் பணம் யாருக்கு? குழந்தைக்கு எல்லைக்கல் தெரியாது. கணக்குப்பிள்ளைக்கோ எல்லைக்கல் தவிர வேறொன்றும் தெரியாது.

மூன்றாவது, எண்ணிக்கையின் சிறுமை. இருபது குழந்தைகளுள்ள மையத்தில் ஒரு குழந்தைக்குப் பேதி கண்டு எடை இறங்கினால் நூற்றுக்கு ஐந்து இறங்கிவிட்டதாகப் பொருள். ஒரு பெரிய ராஜ்யத்தில் இத்தகைய ஏற்றத்தாழ்வுகள் ஒன்றையொன்று ஈடுசெய்து மறைந்துபோகும். கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் அவை மறையமாட்டா. அன்றியும் கடற்கரைக் குடும்பங்களுக்கென்று ஒரு பஞ்ச காலம் வருஷந்தோறும் விதிக்கப்பட்டிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகலாகாது. மீன்வளம் பெருகுவதற்கு இத்தடை அவசியம்தான். அதனை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் வலை கரையேறும்போது அடுப்பும் அடங்குகிறது. அந்த இரண்டு மாதத்தில் ஒரு மீனவக் குழந்தையின் எடை நின்றுபோனால், அங்கன்வாடி ஊழியை வேலையில் தவறினாள் என்று தீர்ப்பெழுதுவதா? 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை இக்கரையில் நூற்றுக்கணக்கானோரை வாரிச் சென்றதையும், 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததையும் கண்டவர்கள் நாம். அத்தகைய வருஷத்துக்குப் பயன் விகிதப்படி மானியம் கொடுத்திருந்தால் அதிகம் அடிபட்ட குப்பத்துக்கே குறைவாகக் கிடைத்திருக்கும்.

அப்படியானால் எடை பார்ப்பதே வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும், மிகவும் வேண்டும். இதற்கு அந்நிய தேசம் போக வேண்டியதில்லை. 1980-ல் மதுரை ஜில்லாவில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தைப் பார்த்தால் போதும். உலக பாங்கியின் கடனுதவியோடு நடந்த அத்திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் கிராமத்துப் பெண்ணொருத்தி தராசில் நிறுத்தி அட்டையில் கோடு வரைந்தாள். கோடு ஏறினால் சரி. ஏறாமல் படுத்தால் அக்குழந்தைக்கு 90 நாள் விசேஷ உணவு. 90 நாளில் அரைக் கிலோ ஏறிவிட்டால் உணவு நிறுத்தப்படும். ஏறாவிட்டால் வைத்தியரிடம் அனுப்பப்படும். எல்லாருக்கும் எப்போதும் என்றில்லாமல், தளரும் குழந்தைக்குத் தளரும் சமயத்தில் என்பது அதன் தத்துவம். கடும் ஊட்டக்குறைவு அப்பகுதிகளில் கணிசமாகக் குறைந்தது. எடை ஏறியதும் கிண்ணம் நின்றுபோவது தாய்க்குத் தண்டனை போலத் தோன்றும் என்ற குறை அதில் உண்டு. ஆயினும் முக்கியமானது வேறொன்று. அந்தத் தராசு குழந்தையின் பங்கை நிர்ணயித்தது. தராசு பிடித்தவளின் கூலியை நிர்ணயிக்கவில்லை. ஆகவே முள்ளைத் தள்ளிக் காட்டும் அவசியம் அவளுக்கு நேரவில்லை.

இந்த ஒரு வித்தியாசத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. குறை எடைக் குழந்தையைக் கண்டுபிடித்தால் குழந்தைக்கு உணவு கூடும் என்ற இடத்தில் உண்மை வெளிவரும். கண்டுபிடித்தால் எனக்குக் கூலி குறையும் என்ற இடத்தில் உண்மை ஒளிந்துகொள்ளும். அதைவிடக் கொடியது, தேறக்கூடிய குழந்தையை மட்டும் பதிவில் சேர்த்துக்கொண்டு, நோஞ்சானையும் ஊனமுற்றதையும் நாடோடிக் கூலிக்காரன் குழந்தையையும் அந்தப் பக்கத்து மையத்துக்குப் போகச் சொல்வது. எந்தக் குழந்தையின் பொருட்டுச் சர்க்கார் பணம் ஏற்பட்டதோ அக்குழந்தையே வாசலில் நிற்கும்.

2018 மார்ச்சு 8-ந் தேதி ஜுன்ஜுனுவில் தொடங்கப்பட்ட போஷண் இயக்கம், குழந்தைகளின் வளர்ச்சிக்குறைவை வருஷத்துக்கு இரண்டு சதவீதம் குறைப்பது என்று இலக்கு வைத்தது. இலக்கு வைத்ததில் பிசகில்லை. அவ்வருஷமே ஊழியையின் மாத மதிப்பூதியத்தில் மத்திய சர்க்கார் விகிதம் 3,000-லிருந்து 4,500 ரூபாயாக உயர்த்தப்பட்டு, வேலையின் திறமைக்கேற்ப ஊழியைக்கு 500 ரூபாயும் உதவியாளுக்கு 250 ரூபாயும் ஊக்கத்தொகையாகச் சேர்க்கப்பட்டன. சம்பளம் என்ற சொல்லைக்கூடச் சர்க்கார் உபயோகிப்பதில்லை என்பதை நேயர்கள் கவனிக்க. கௌரவ ஊழியராம்! 2022 ஏப்ரலில்தான் சுப்ரீம் கோர்ட்டு, இவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. சம்பளமென்று சொல்லக் கூசும் கை, பயனென்று சொல்லி அதிலும் பிடித்தம் செய்ய நீளுமாயின் அது சீர்திருத்தமன்று.

நமது அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். குழந்தையின் உணவுப் பணமும் ஊழியையின் ஊதியமும் எந்தப் பயன் கணக்குக்கும் கட்டுப்படலாகாது. அவை உரிமைகள். 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒவ்வொரு குடியிருப்பிலும் மையம் வேண்டுமென்று உத்தரவிட்டபோதும், 2006 டிசம்பரில் 14 லட்சம் மையங்கள் வேண்டுமென்று வற்புறுத்தியபோதும், பயன் காட்டினால்தான் என்ற நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை. அவற்றுக்கு மேல் ஒரு தனி மானியம் வைக்கட்டும். அது ஊழியைக்கன்று, கொம்யூனுக்குச் சேரட்டும். எடை பார்ப்பவர் பணம் பெறுபவராக இல்லாமல் வேறொருவராக இருக்கட்டும். 2016 முதல் ஜிப்மரின் மருத்துவக் கல்லூரி காரைக்காலிலேயே இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை சில மையங்களைக் குலுக்கி எடுத்து மாணவர்களைத் தராசோடு அனுப்புவது அவர்களுக்குப் பாடமாகவும் நமக்குச் சாட்சியமாகவும் ஆகும். பதிவேட்டுத் தலைகளை எண்ணாமல் அதே குழந்தையை மூன்று வருஷம் தொடர்ந்து பார்க்கட்டும். அது நன்னிலம் போய் வந்தாலும் அட்டை அதனோடு போய் வரத் தமிழ்நாட்டு அதிகாரிகளோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளட்டும். ஆற்றுநீருக்கு எல்லையில் அளவு வைக்க முடிந்தவர்களுக்கு இது அசாத்தியமன்று. கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தை ஒன்று தேறினால் சாதாரணக் குழந்தை தேறுவதைக் காட்டிலும் பல மடங்கு மானியம் என்று வைத்தால், நோஞ்சானை வாசலில் நிறுத்தமாட்டார்கள். தேறாத குப்பத்துக்கு மானிய வெட்டு அல்ல, வைத்தியர் போக வேண்டும்.

கொம்யூனுக்குச் சேரட்டும் என்றோம். அந்தக் கொம்யூனில் யார் இருக்கிறார்கள்? 1880-லேயே பிரெஞ்சு ஆட்சி தனது இந்தியப் பகுதிகளுக்குக் கொம்யூன்களை ஏற்படுத்தியது. அந்நியன் வைத்த அந்த ஸ்தல ஸ்தாபனத்தில் சுதந்திர இந்தியா 1968-க்குப் பிறகு 2006-ல்தான் தேர்தல் நடத்திற்று. 38 வருஷம்! அவர்கள் காலம் 2011-ல் முடிந்தபின் நாற்காலிகள் நெடுங்காலம் காலியாகவே கிடந்தன. கோட்டுச்சேரியிலும் நெடுங்காட்டிலும் நிரவியிலும் திருமலைராயன்பட்டினத்திலும் திருநள்ளாற்றிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி இல்லாதபோது, பயனைக் கேட்டு வாங்குபவர் யார்? டில்லியிலிருந்து வரும் கேள்வித்தாளுக்குப் புதுவையிலிருந்து எழுதப்படும் விடைத்தாளாகவே எந்தப் பயன் கணக்கும் முடியும்.

புதுவைக் குழந்தைகளின் நிலை நாட்டின் பல பகுதிகளைவிட மேலானது என்பதை நாம் அறிவோம். ஆயினும் சமீபத்திய தேசியக் குடும்ப சுகாதார ஆய்வில் இங்கும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு சிசு வயதுக்குரிய உயரமின்றி இருந்தது. ஆகவே நாம் முன்வைக்கும் முதல் வேலை சிறியது. வருகிற ஏப்ரல் 15-ந் தேதி படகுகள் கரையேறும் வாரத்தில் கடலோரக் குப்பங்களின் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவரையும் நிறுக்கட்டும். ஜூன் 14-ந் தேதி தடை நீங்கும் வாரத்தில் அதே குழந்தைகளை மறுபடியும் நிறுக்கட்டும். இரண்டு எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொம்யூன் ஆபீஸ் வாசலில் ஒட்டட்டும். எவ்வளவு மானியம், யாருக்கு என்ற பேச்சை அந்தக் காகிதத்தின் முன் நின்று பேசலாம்.